ஐம்பத்தேழாம் கிலோமீட்டர்

அண்ணியும் நாத்தனாரும் ஒரே அலுவலகத்தில், அதுவும் எதிரெதிர் பிரிவுகளில் வேலை பார்த்தால் என்ன ஆகும் என்று அந்த ரயில்வே கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

அண்ணி நான்காம் மாடியில், மின்மயமாக்கல் பிரிவில் மூத்த பொறியாளர். தண்டவாளம் என்று ஒன்று இருந்தால் அதற்கு மேலே மின்கம்பி ஓடியாக வேண்டும் என்பதில் ஒற்றைக்காலில் நிற்பவள். அதனால் அவளுக்குக் கம்பியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். நாத்தனார் இரண்டாம் மாடியில், புதிய வண்டிகள் வாங்கும் பிரிவில் இருந்தாள். கம்பி இருக்கும் இடத்தில் மின்சாரத்திலும், இல்லாத இடத்தில் டீசலிலும் ஓடும் இரட்டை வண்டிகளை வாங்கிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததால், அவள் டீசலம்மா. இந்தப் பெயர்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்த மாதிரி இருவரும் காட்டிக்கொண்டதில்லை.

வீட்டிலும் தப்பிக்க வழியில்லை. கம்பியம்மா மூன்றாம் தளத்தில், நாத்தனார் அதே படிக்கட்டில் தரைத்தளத்தில். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோருக்கும் மேலேதான் சாப்பாடு. நாத்தனாருக்குக் குழந்தையில்லை, கணவன் கப்பலில் வேலை. வருடத்தில் எட்டு மாதம் அவள் தனி. தட்டுகளை எடுத்து வைத்த கையோடு மேஜையில் வரைபடம் விரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்திருந்தார்கள். ஒருநாள் சமாதானம் பண்ண ஒருவர் கதவைத் தட்டி உள்ளே வந்து, குகைப்பாதையின் உயரம் எவ்வளவு என்பதற்காகத்தான் இவ்வளவு கூச்சலும் என்று தெரிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இருவருக்கும் நடுவில் இருந்தவர் கம்பியம்மாவின் கணவர், நாத்தனாரின் அண்ணன். ரயில் ஓட்டுநர். பேச்சு என்றால் அவருக்குக் கொஞ்சம் சிக்கனம்தான். சண்டை சூடு பிடித்தால் பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

அந்த வருடம் சண்டைக்குக் காரணம் மலைப்பாதை. ஜங்ஷனில், நகரத்திலிருந்து மின்கம்பியோடு வரும் பிரதான பாதையிலிருந்து பிரிந்து, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலையூர் வரை தொண்ணூற்றிரண்டு கிலோமீட்டர். முதல் முப்பத்தெட்டு கிலோமீட்டர் சமவெளி. அங்கிருந்து ஐம்பத்தேழாவது கிலோமீட்டர் வரை மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். உச்சிக்குப் போனதும் ஒன்பது கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்து மூன்று குகைகள். அதற்குப் பிறகு ஊர்வரை மேட்டுநிலம். அந்தப் பாதையில் ஓடியவை முப்பது வருடப் பழைய டீசல் வண்டிகள். அவற்றுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. என்ன செய்யலாம் என்று இரண்டு பிரிவுகளும் தனித்தனியே அறிக்கை தர வேண்டும், குழு இரண்டையும் கேட்டு முடிவெடுக்கும் என்று உத்தரவு வந்தது. மின்மயமாக்கலுக்கான அறிக்கை அண்ணி கையில், இரட்டை வண்டிக்கான அறிக்கை நாத்தனார் கையில் வந்து விழுந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் கேண்டீனில் அன்றைக்கு ஒரே குஷி.

கம்பியம்மாவின் கட்சி பலமான கட்சிதான். கம்பி போட்டால் ஐம்பது வருடம் நிற்கும், வண்டி முப்பது வருடத்தில் பழசாகிவிடும். இரட்டை வண்டி டீசல் இன்ஜினையும் எண்ணெய்த் தொட்டியையும் சாகும்வரை முதுகில் சுமந்துகொண்டே ஓட வேண்டும், மேலே கம்பி இருக்கும் இடத்தில்கூட. அந்தக் கனத்தோடு டீசலில் ஏற்றம் ஏறச் சொன்னால் திணறும். எல்லாவற்றையும்விட அவளைப் பயமுறுத்தியது வேறு ஒன்று: இந்த வண்டி வந்துவிட்டால் ‘அதான் ஓடுதே’ என்று கம்பித் திட்டத்தை எல்லோரும் கைகழுவிவிடுவார்கள். மூன்று குகைகளிலும் கம்பிக்கு இடமில்லாததால் தரையைத் தோண்டித் தண்டவாளத்தைத் தாழ்த்த வேண்டியிருந்தது. அதற்கான வரைபடங்களை ஆறு வருடமாக அவளே பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தாள். ஒவ்வொரு குகையிலும் எந்த இடத்தில் நீர் கசியும் என்பதுவரை அவளுக்குப் பாடம்.

நாத்தனாரின் கட்சியும் லேசுப்பட்டதல்ல. குகை வேலையோடு சேர்த்துக் கம்பி ஊர்போய்ச் சேர ஒன்பது வருடம் ஆகும் என்று அண்ணியின் கணக்கே சொல்லியது. அதில் ஒன்றரை வருடம் பாதையை அடைத்தே போட வேண்டும். இரட்டை வண்டி என்றால் இரண்டே வருடம். நகரத்தில் ஏறினால் மலையூரில் இறங்கலாம். இப்போது போல ஜங்ஷனில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேம்பாலம் ஏறி, அடுத்த வண்டிக்கு இருபத்தைந்து நிமிடம் காற்றில் நிற்க வேண்டியதில்லை.

“ஒம்பது வருஷம் கழிச்சு வர்ற நல்ல ரயிலுக்காக இன்னிக்கு இருக்கிற ஜனங்க எத்தனை தடவை அந்தப் பாலம் ஏறணும், சொல்லுங்க அண்ணி” என்று அவள் கேட்பாள். கம்பியம்மாவின் குரல் உயரும்.

குழு கூடுவதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் குரல் உயர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத்தில் டீசல் வண்டிக்கு உண்மையில் எவ்வளவு சக்தி தேவைப்படுகிறது என்பது பிரச்சினை. நாத்தனார் ஒரு எண் சொன்னாள், கம்பியம்மா அதைவிட ஒன்றரை மடங்கு சொன்னாள். இரண்டும் புத்தகத்திலிருந்து எடுத்த எண்கள். சமையலறையில் தண்ணீர் நின்றது. கணவர் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார்.

“பதினெட்டு வருஷமா அந்தப் பாதையிலதான் ஓட்டறேன்” என்றார். “ரெண்டு பேர்ல ஒருத்தராவது என்னைக் கேட்டிருக்கலாம்.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இருவருக்கும் சுருக்கென்றது. கம்பியம்மா யோசித்துப் பார்த்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவர் ஓட்டும் வண்டியின் முன்னறையில் அவள் ஒருதடவைகூட ஏறியதில்லை. மலைப்பாதையை அளப்பதற்கு எத்தனையோ முறை போயிருக்கிறாள். எல்லாம் டிராலியில், பாதை அடைப்பு நேரத்தில், டேப்பும் கையுமாக. ரயில் ஓடும்போது அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

டிப்போவில் அனுமதிக் கடிதம் வாங்க மூன்று நாள் ஆயிற்று. வியாழக்கிழமை காலை ஆறு பத்து வண்டியில் இருவரும் ஓட்டுநர் அறையில் ஏறினார்கள். வெளியே தூறல். அறை மிகச் சிறியது. கம்பியம்மா மடக்கு இருக்கையில் உட்கார, நாத்தனார் பின்சுவரில் சாய்ந்து நின்றாள். கணவர் வீட்டில் இருப்பவர் மாதிரியே இல்லை. சீருடையில், முதுகு நிமிர்ந்து, ஒவ்வொரு சிக்னலையும் தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, வேறு ஒரு மனிதராக இருந்தார். இந்த மனிதரைத் தனக்கு இன்னும் அறிமுகம் செய்துவைக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வண்டியின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிக்கு எட்டுப் படிகள். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லுக்கும் கைப்பிடி எந்தப் படியில் இருக்கிறது என்று கம்பியம்மா பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தாள். நாத்தனார் நேரத்தைச் சொன்னாள். சமவெளியில் மூன்று, நான்கு. நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது மட்டும் ஆறு. முப்பத்தெட்டாவது கல் தாண்டியதும் அவர் கைப்பிடியை எட்டுக்குத் தள்ளினார். அத்தோடு கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

“இனி இதுக்கு வேலை கிடையாது” என்றார். “அதுவா பார்த்து ஏறினாத்தான் உண்டு.”

இருபத்தாறு நிமிடம். அறையின் தரை நடுங்கியது, ஜன்னல் கண்ணாடி பற்களைப் போலக் கிடுகிடுத்தது. பக்கத்தில் நிற்பவருக்கே கத்தித்தான் சொல்ல வேண்டும். வேகமுள் நாற்பத்தைந்துக்கு மேல் ஏறவில்லை. நனைந்த இலைகள் கிடந்த ஒரு வளைவில் சக்கரம் வழுக்கி முள் முப்பத்திரண்டுக்கு விழுந்து, அவர் பிடிப்புக்காகத் தண்டவாளத்தில் மணலைத் தூவி, மறுபடி மெல்ல மெல்ல ஏற்றினார். கம்பியம்மாவின் தாளில் வரிசையாக எட்டு, எட்டு, எட்டு. பார்க்கப் பார்க்க அவளுக்கு உள்ளே ஒரு சின்ன வெற்றிக்களிப்பு. தான் சொன்ன எண்தான் சரி. நாத்தனாரின் முகத்தைத் திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது, பெருந்தன்மையாக அடக்கிக்கொண்டாள்.

ஐம்பத்தேழாவது கல் வந்தது. ஏற்றம் முடிந்தது. எதிரே முதல் குகையின் கறுத்த வாய். கணவர் கைப்பிடியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

சத்தம் நின்றது. சக்கரம் உருளும் ஓசை மட்டும். குகைக்குள் வண்டி தானாகவே வழிந்துபோயிற்று. முதல் குகை, ஒரு துண்டு வெளிச்சம், இரண்டாம் குகை. கம்பியம்மா பென்சிலை வைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்தாள். கை அசையவில்லை.

“எப்பவும் இப்படித்தானா?” என்று கேட்டாள்.

“போறப்ப இப்படித்தான். லேசா இறக்கம். திரும்பி வர்றப்ப மூணு போதும், கூட்டம் இருந்தா நாலு.”

ஒன்பது கிலோமீட்டருக்கு அவள் தாளில் ஒன்பது பூஜ்யங்கள். ஆறு வருடமாக அந்தக் குகைகளைத் தோண்ட அவள் படம் போட்டிருக்கிறாள். முழுப்பாதைக்கும் தாமதம் அங்கேதான், கஷ்டம் அங்கேதான், ஒன்றரை வருட அடைப்பும் அங்கேதான். அந்த இடத்திலோ வண்டிக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. சரிவு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும், வரைபடத்தில் எழுதியே இருக்கிறது. எழுதியிருப்பதைப் பார்ப்பதும், ஒரு மனிதர் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதும் ஒன்றல்ல. நாத்தனாரும் பூஜ்யங்களைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்காகக் கம்பியம்மா அவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள்.

மலையூர் நிலையம் சின்னது. ஒரே நடைமேடை, அதை ஒட்டி ஆளுயரச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் நுரையீரல் மருத்துவமனை. காற்று சுத்தமாக இருக்கும் என்றுதான் அந்தக் காலத்தில் மருத்துவமனையை அங்கே கட்டினார்கள். பிறகு நடைமேடையை நீட்டி நீட்டி, ரயில் போய் நிற்பது வார்டு ஜன்னலுக்கு நேர் கீழே என்று ஆகிவிட்டது. வண்டி திரும்ப நாற்பத்தைந்து நிமிடம் இருந்தது. கணவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். சுவரிலிருந்த சிறு கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, இன்றைக்கு எத்தனை மணிக்குக் கிளப்புவீர்கள் என்று கேட்டாள். எட்டு ஐம்பதுக்கு என்றார். அவள் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

இது தினமும் நடப்பது என்று புரிந்தது. கம்பியம்மா எதற்கு எழுதிக்கொள்கிறீர்கள் என்று விசாரித்தாள்.

“ஜன்னல் சாத்தத்தான்” என்றாள் நர்ஸ். “இவரு நல்லவரு, வந்ததும் அணைச்சிடுவாரு. மத்தவங்க அணைக்க மாட்டாங்க, அப்புறம் கிளம்பலைன்னா என்ன பண்றதுன்னு பயம். ஆனா ஒண்ணு, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புறப்ப வர்ற புகை இருக்கே, அது அணைக்காம இருக்கறதைவிட மோசம். எப்படியும் எங்களுக்கு ஜன்னலைச் சாத்தித்தான் ஆகணும். ஒரு நாளைக்கு ஏழு தடவை சாத்தித் திறக்கறோம்.”

புதிய வண்டி வரப்போவதாகக் கேள்விப்பட்டோம், அது எப்படி என்று அவளே கேட்டாள். கேள்வி பொதுவாகத்தான் வந்தது. ஆனால் அது நாத்தனாரின் வண்டி. இரட்டை வண்டி ஜங்ஷன் வரை புகையில்லாமல் வரும். கம்பி இல்லாத இந்தப் பாதையில் டீசலில் ஓடி, இதே சுவரோரம் வந்து, இதே ஜன்னலுக்குக் கீழேதான் நிற்கும்.  கம்பியம்மாவின் கம்பியோ ஜங்ஷனிலிருந்து புறப்பட்டு, குகைகளில் மல்லுக்கட்டி, இந்தச் சுவரை வந்து தொட ஒன்பது வருடம். இருவரும் ஒரே நேரத்தில் ‘பார்க்கிறோம்’ என்றார்கள். நர்ஸ் இந்த வார்த்தையை எத்தனை பேரிடம் கேட்டிருப்பாளோ, மரியாதையாகச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது இருவரும் முன்னறையில் ஏறவில்லை. பயணிகள் பெட்டியில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.  கொஞ்ச தூரம் போனதும் கம்பியம்மா தாளைத் திருப்பிப் போட்டு, பாதையை ஒரு கோடாக இழுத்தாள். ஐம்பத்தேழிலிருந்து அறுபத்தாறு வரை அழித்தாள்.

“குகையை விட்டுட்டா?” என்றாள்.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். “விட்டுட்டா என்ன அர்த்தம்?”

“குகையில கம்பி வேண்டாம். இந்தப் பக்கம் ஏற்றம் முடியற வரைக்கும் கம்பி. அந்தப் பக்கம் ஊர்வரைக்கும் கம்பி. நடுவுல ஒம்பது கிலோமீட்டர் உன் வண்டி டீசல்ல உருண்டு போகட்டும். ஒம்பது கிலோமீட்டருக்கு எவ்வளவு பெரிய இன்ஜின் வேணும்?”

“இப்ப கேட்டிருக்கிற மாதிரி ரெண்டு இன்ஜின் வேண்டாம். ஒண்ணு போதும், சின்னதா” என்று உடனே சொல்லிவிட்டு, நாத்தனார் புருவத்தைச் சுருக்கினாள். “ஆனா அண்ணி, அந்தப் பக்கத்துக் கம்பிக்குக் கரண்ட் எங்கேருந்து வரும்? குகை வழியா இழுக்காம எப்படி?”

அதுதான் முட்டுச்சந்து. கம்பியம்மாவின் வரைபடங்களில் எல்லா மின்சாரமும் ஜங்ஷன் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஜங்ஷனில் இறங்கியதும் கணவரிடம் போய் இருவரும் சொன்னார்கள். அவர் அறையைப் பூட்டிக்கொண்டே கேட்டார். பூட்டி முடித்து, சாவியைப் பையில் போட்டுவிட்டு, அணைக்கட்டு மின்நிலையத்திலிருந்து போகும் பெரிய லைன் எண்பத்தோராவது கல்லுக்கு மேலேதானே பாதையைக் கடக்கிறது, மழைநாளில் அதற்குக் கீழே போகும்போது உஸ்ஸென்று சத்தம் கேட்குமே என்றார்.

அவள் வரைபடத்தில் அந்த லைன் இல்லை. ரயில்வே நிலத்துக்கு இரண்டு பக்கமும் முப்பது மீட்டரோடு அவள் படங்கள் முடிந்துவிடும். கோபுரங்கள் அதற்கு வெளியே நின்றன. அதை டிராலியில் போகும்போது எத்தனை முறை பார்த்திருப்பாள். படத்தில் இல்லாததால் கண்ணிலும் படவில்லை. நடைமேடையில் நின்றபடி அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு எதற்காகச் சிரிப்பு வருகிறது என்று கேட்காமலேயே நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள்.

அடுத்த எட்டு நாள் வீட்டில் ஒழுங்கான சமையல் கிடையாது. ரொட்டி, அவித்த முட்டை, தேநீர். அலுவலகம் விட்டதும் மேஜையில் உட்கார்ந்துவிடுவார்கள். சண்டை நின்றுபோனது என்று நினைக்க வேண்டாம், முன்னைவிட அதிகம். ஒரே அறிக்கையை இரண்டு பேர் எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் சண்டைதான். பெரிய சண்டை ஒன்று, எதை முதலில் செய்வது என்பதில். கம்பி போட வருடத்துக்கு இவ்வளவுதான் முடியும். ஏற்றத்தில் முதலில் போட்டால், ஒற்றை இன்ஜினோடு வரும் புதிய வண்டி திணறாமல் ஏறும். ஊர்ப்பக்கம் முதலில் போட்டால் மருத்துவமனைக்கு நல்லது, ஆனால் இரண்டு வருடம் வண்டி ஏற்றத்தில் நத்தை மாதிரி ஊர வேண்டும். இருபத்தாறு நிமிடம் நாற்பதாகும். பழைய வண்டியைவிடப் புதிய வண்டி மெதுவாகப் போனால் திட்டு வாங்கப்போவது வண்டி வாங்கியவள்தான். அதனால் கம்பியம்மா வலியப்போய் விட்டுக்கொடுத்தாள்: ஏற்றமே முதலில் இருக்கட்டும் என்றாள்.

நாத்தனார் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“வேண்டாம் அண்ணி. ஊர்ப்பக்கமே முதல்ல போடுங்க. ரெண்டு வருஷம் என்னைத் திட்டுவாங்க, திட்டட்டும். ஜங்ஷன்ல மாறவேண்டாம்னு ஆயிட்டா அந்த இருபத்தஞ்சு நிமிஷம் மிச்சம். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா யாருக்கும் நஷ்டமில்லை. என் பேரு மட்டும் கொஞ்சம் கெடும்.”

 கம்பியம்மா எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, நாத்தனாருக்குப் பிடித்த பெரிய கோப்பையில் ஊற்றி வைத்தாள். அன்று இரவு படுக்கப் போகுமுன், அலமாரியில் குழல் குழலாகச் சுருட்டி வைத்திருந்த குகை வரைபடங்களை எடுத்துப் பார்த்தாள். நல்ல படங்கள். தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு சாக்குத் துணியில் சுற்றிக் கட்டிலடியில் தள்ளிவிட்டாள். வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நெஞ்சில் முள்ளாகக் குத்தும் வருத்தம் இல்லை. நன்றாகத் தைத்த சட்டை அளவு மாறிப்போனதைப் போல ஒரு வருத்தம்.

குழுவுக்குத் தலைமைப் பொறியாளர்தான் தலைவர். பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிடிக்காத விஷயம் என்றால் அதிக நேரம் துடைப்பார். இரண்டு அறிக்கைகளுக்குப் பதிலாக ஒன்றே ஒன்று வந்து, அதில் இரண்டு கையெழுத்து இருந்ததைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பிரிவுத் தலைவர்களுக்கும் முகம் கோணிப்போயிற்று. கட்சி கட்டி மோத விட்டவர்களுக்கு ஆட்டமே இல்லையென்றால் கஷ்டமாகத்தானே இருக்கும்.

இது மின்மயமாக்கலா, இரட்டை வண்டியா, இரண்டில் எது என்று அவர் கேட்டார். கம்பியம்மா கைப்பிடிப் படிகளைக் குறித்த அந்தத் தாளைத் திரையில் காட்டினாள். எங்கே எட்டு இருக்கிறதோ அங்கே கம்பி, எங்கே பூஜ்யம் இருக்கிறதோ அங்கே வண்டி தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றாள். நாத்தனார் ஒற்றை இன்ஜினைப் பற்றியும், பிற்காலத்தில் அந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பாட்டரி வைக்கலாம் என்பதைப் பற்றியும் சொன்னாள். முழுதாகவும் இல்லாமல் பாதியாகவும் இல்லாமல் இது என்ன திட்டம் என்று ஓர் உறுப்பினர் சலித்துக்கொண்டார்.

“முழுசாப் போடணும்னு ஆறு வருஷமா சொன்னவ நான்தான் சார்” என்றாள் கம்பியம்மா. “இந்த ஒம்பது கிலோமீட்டருக்காக மிச்சம் எண்பத்து மூணும் காத்துக்கிட்டு இருக்கறதுதான் பாதித் திட்டம்.”

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். துடைக்கவில்லை. ஆனாலும் எல்லாம் அப்படியே நிறைவேறிவிடவில்லை. எட்டு வண்டி கேட்டதற்கு ஆறுதான் கிடைத்தது. கம்பிக்கும் வண்டிக்கும் சேர்த்து ஒதுக்கியது அவ்வளவுதான், எதையாவது குறைத்தாக வேண்டும் என்றபோது நாத்தனார் தன் பக்கத்திலிருந்து இரண்டைக் கொடுத்துவிட்டாள். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், அடுத்த சண்டையில் இந்த இரண்டு வண்டியையும் சொல்லிக் காட்டுவேன் என்று அண்ணியிடம் முன்கூட்டியே எச்சரித்தாள். சொன்னபடியே இன்றுவரை சொல்லிக்காட்டிக்கொண்டும் இருக்கிறாள்.

இரண்டே கால் வருடத்தில் வண்டிகள் வந்தன. ஓட்டுநர்கள் புதிதாகப் பயிற்சி எடுத்துத் தேர்வு எழுத வேண்டும். கம்பியம்மாவின் கணவர் முதல் தடவை தேறவில்லை. ஒரு வாரம் வீட்டில் மூச்சுவிடவில்லை; பிறகு விஷயம் வெளியே வந்தது. கம்பி முடியும் இடத்தில் கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கூரைக் கையை எந்தக் கல்லில் இறக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் எழுதியது சரியான விடை. கையேட்டில் அச்சாகியிருந்ததுதான் தவறு. கையேட்டை எழுதியது அவருடைய தங்கை. அவள் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, அன்று மாலையே திருத்தம் அனுப்பினாள். இரண்டாம் தடவை அவர் முதலாவதாகத் தேறினார்.

முதல் இரண்டு வருடம் ஏற்றத்தில் வண்டி ஊரத்தான் செய்தது. பத்திரிகையில் கேலிப்படம்கூட வந்தது. வண்டியை முந்திக்கொண்டு ஒருவர் குடையோடு நடந்து போகிறார். நாத்தனார் அதை வெட்டித் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஊர்ப்பக்கம் அணைக்கட்டு மின்சாரத்தில் கம்பி உயிர்பெற்றது. மருத்துவமனைச் சுவரோரம் வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. நான்காம் வருடக் கடைசியில் சமவெளியிலும் ஏற்றத்திலும் கம்பி வந்தது. பழைய வண்டிக்கு இருபத்தாறு நிமிடம் பிடித்த ஏற்றம் பதினாறாகக் குறைந்தது. தடங்கலே இல்லை என்று சொல்ல முடியாது. முதல் குளிர்காலத்தில் ஏற்றத்துக் கம்பியில் பனி உறைந்து வண்டி நின்றபோது, அந்தச் சின்ன இன்ஜின்தான் முனகிக்கொண்டே மேலே இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தது. அன்றைக்கு நாத்தனார் ஃபோனில் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தாள்: “டீசல்.”

வசந்தத்தில் ஒரு நாள் கம்பியம்மா சும்மாவே அந்த வண்டியில் ஏறினாள். வேலையாக அல்ல, லீவு போட்டுவிட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு. முன்னால் ஓட்டியது அவள் கணவர் அல்ல, அவருக்கு அன்று வார ஓய்வு. பக்கத்து இருக்கையில் கனமான உடம்புள்ள ஒரு தையல்காரர், மலையூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஏற்றம் முழுவதும் அவர் மகளைப் பற்றியும் மருமகனின் பிடிவாதத்தைப் பற்றியும் பேசினார். ஐம்பத்தேழாவது கல்லில் கூரைமேல் மெல்லிய ஒரு ‘டக்’ கேட்டது. தரைக்கடியில் இன்ஜின் விழித்துக்கொண்டு உறுமத் தொடங்கியது. தையல்காரர் பேச்சை நிறுத்தி, இது என்னம்மா சத்தம், ஏதாவது கோளாறா என்று கேட்டார்.

கோளாறு இல்லை என்று கம்பியம்மா ஆரம்பித்தாள். கம்பி இங்கே முடிகிறது என்றாள். ஏன் முடிகிறது, குகையின் உயரம் என்ன, சரிவு என்ன, முழுதாகக் கம்பி போட்டால் என்ன லாபம், இரட்டை வண்டியில் என்ன லாபம், இரண்டிலும் என்னென்ன குறை என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். முதல் குகையில் அவர் தலையாட்டிக் கேட்டார். இரண்டாம் குகையில் ‘ம்’ கொட்டினார். மூன்றாம் குகை முடிந்து, கம்பி மறுபடி வந்து, இன்ஜின் அடங்கி, வெளியே மேட்டுநிலத்தில் வெயில் விரிந்தபோது, தையல்காரர் அவள் தோளில் தலை சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப வேண்டாம் என்று கம்பியம்மா ஊர் வரும்வரை அந்தத் தோளை அசைக்கவில்லை.